மூணாந் தண்ணி

அம்மை கண்ட வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது. மம்சாபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, தானாகத் தெரிந்திருக்கும். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. உப்போ மிளகாயோ யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வெயிலில் போய் வந்தவர்கள் கால் கழுவி, வாசலில் நின்று சூடு ஆறிய பிறகுதான் உள்ளே வரவேண்டும். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிகிறவரை ஊசி, மாத்திரை, ஆஸ்பத்திரி என்ற பேச்சையே வாயில் எடுக்கக் கூடாது.

அந்தச் சித்திரையில் லிங்கேஸ்வரன் வீட்டு நிலையில் வேப்பிலை ஏறியபோது, வீட்டில் இருந்த நாலு பேரும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். ஒருவன் சீக்கில் கிடக்கும்போது சந்தோஷப்பட்டார்கள் என்றால் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆறு வருஷமாக அந்த வீட்டைப் பார்த்தவர்கள் யாரும் சுளிக்கவில்லை.

லிங்கேஸ்வரனுக்கு வயது முப்பது. அவன் அப்பா இருளப்பசாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் இருக்கும் மாந்தோப்புதான் அவருக்கு இப்போது ரெஜிமெண்ட். சப்பட்டை, பஞ்சவர்ணம், கிளிமூக்கு என்று மரத்துக்கு மரம் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு நடப்பார். காய் பறிக்க மரம் ஏறுவதில் அவர் மகனை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. நுனிக்கிளையில் நின்று வலைக்கம்பை வீசினான் என்றால் கீழே பெண்கள் "ஏ, பாத்துலே" என்று கத்துவார்கள். கத்த வைப்பதற்காகவே இன்னும் ஒரு கிளை மேலே போவான். கான்சாபுரத்தில் இருந்து அவனுக்கு வாக்கப்பட்டு வந்த கல்பனா, கல்யாணமான முதல் சீசனில் அப்படிக் கத்தியவர்களில் ஒருத்தி.

அடுத்த சீசனில் அவனுக்கு இடது தொடையில் வலி வந்தது. மரத்தில் இருந்து சறுக்கிய வலி என்று எண்ணெய் போட்டு நீவிப் பார்த்தார்கள். வலி ராத்திரியில் கூடியது. கடைசியில் மதுரைக்குப் போனால், எலும்பில் புற்று என்றார்கள். கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டுக் கம்பி வைத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், முடி போய் முடி வந்தது. ரெண்டு வருஷம் கழித்து நுரையீரலில் எட்டிப் பார்த்தது. அதையும் வெட்டி எடுத்தார்கள். போன ஐப்பசியில் மறுபடியும் வந்துவிட்டது. நுரையீரலில் ரெண்டு இடம், இடுப்பெலும்பில் ஒரு இடம்.

பெரிய டாக்டரம்மா இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் பேசினார். "எலும்புல வந்த புத்து திரும்பத் திரும்ப வந்தா எங்க கையில இருக்கற வழி கம்மி. இப்ப மூணையும் சேர்த்துக் குடுத்துப் பார்க்கலாம். இடுப்புக்குக் கதிர்வீச்சு, நீங்க கரண்டுன்னு சொல்றது, தினம் ஒரு மாத்திரை, மூணு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ்ல ஒரு மருந்து. அந்த மருந்து புத்தைக் கொல்லாது. உடம்புக்குள்ள இருக்கற காவலை எழுப்பி விடும். காவல்தான் புத்தை அடிக்கணும். தனியாக் குடுத்தா இந்த வகைக்குப் பெருசா கேக்கறதில்ல. சேர்த்துக் குடுத்தா சில பேருக்குக் கேக்குது. உறுதின்னு சொல்ல மாட்டேன்."

மற்றவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, இருளப்பசாமிக்கு நன்றாகப் புரிந்தது. "சென்ட்ரி தூங்கிட்டான். தட்டி எழுப்பணும். அதான மேடம்?" என்றார்.

"அதேதான் ஐயா. ஆனா தூக்கத்துல இருந்து திடீர்னு எழுந்தவனுக்குச் சில நேரம் வீட்டாளுங்களையே அடையாளம் தெரியாது. தோல்ல தடிப்பு, வயித்துப்போக்கு, மூச்சு வாங்கறது, எது வந்தாலும் அன்னைக்கே எங்களுக்குப் போன் போடணும்."

கல்பனா தலையை ஆட்டினாள். மாமியார் செல்லத்தாய்க்கு அந்த ஆஸ்பத்திரியில் எதுவும் காதில் ஏறாது. மகனைப் பெற்றவள் அங்கே போனால் சுவர் ஓரமாக நிற்பாள். நர்ஸ் பிள்ளைகள் 'நகருங்கம்மா' என்றால் நகர்வாள். ஊரில் பத்துப் பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கையை, அங்கே எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. மகனுக்கு என்ன ஆக்கிக் கொடுக்கலாம் என்பதைக்கூட ஒரு தாளைப் பார்த்து மருமகள்தான் சொன்னாள்.

இப்படி இருந்த வீட்டில்தான் ஒருநாள் காலையில், கொல்லையில் ஸ்டூல் போட்டு லிங்கேஸ்வரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த கல்பனா, "அத்தை, செத்த இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் சுளகோடு வந்தாள். மகனுடைய முதுகிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"ஏலே, அரிக்கா?"

"அரிக்கி. நேத்துல இருந்து."

"ஏன்லே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஒண்ணு போனா ஒண்ணு வருது. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருந்தா எனக்கே சடைப்பா இருக்கு."

செல்லத்தாய் சுளகைக் கீழே வைத்தாள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு ரெண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா! எம்மவனையும் பாக்க வந்துட்டியா! ஏட்டி, தண்ணிய ஊத்தாத, நிப்பாட்டு. விளையாட்டம்மை பாத்திருக்கு. கீழத்தெருவுல ரெண்டு பிள்ளைகளுக்கு வந்திருக்குன்னு பெத்தம்மா மதினி சொன்னா, நாந்தான் காதுல வாங்கல."

"அத்தை, ஆஸ்பத்திரியில தடிப்பு வந்தா போன் போடச் சொல்லியிருக்காவ."

"அது அவிய மருந்துக்கு வாரதுக்கு. இது நம்ம ஆத்தால்ல? ஆத்தா வந்த ஒடம்பத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா அவ சும்மா இருப்பாளா? ஆறு வருசமா அம்புட்டுத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. இப்பந்தான் ஒருத்தி வீடு தேடி வந்திருக்கா."

கல்பனா கைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டாள். மாமியாருக்குப் பயந்து வைக்கவில்லை. கான்சாபுரத்துக்காரி அப்படிப் பயப்படுகிறவளும் இல்லை. வாயில் நுழையாத பேருள்ள சீக்கோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, முதல் தடவையாகப் பேர் தெரிந்த சீக்கு ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது. இதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாளில் போகும் என்று தெரியும். போகும் என்பதும் தெரியும். அந்த நிம்மதியை விட அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு வீடே மாறிப்போனது.

செல்லத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகினாள். நடுவீட்டில் கயிற்றுக் கட்டிலை நகர்த்திவிட்டு, கம்பி வைத்த கால் மடங்காதே என்பதற்காக மெத்தையை மடித்துப்போட்டு, மேலே வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பங்கொழுந்து பரப்பினாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து உருட்டி வைத்தாள். கேப்பைக் கூழ் காய்ச்சிச் சின்ன வெங்காயத்தை உரித்து வைத்தாள். மகன் ரெண்டு மாதமாக எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது என்றவன், கூழை ரெண்டு கும்பா குடித்தான். தினமும் போடுகிற மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போனது.

சாயங்காலம் தோப்பில் இருந்து வந்த இருளப்பசாமி, வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் சைக்கிளை எதிர்த்த வீட்டு வேம்படியில் நிறுத்தினார். சேதி கேட்டுவிட்டு, "அப்ப நான் தோப்புலயே படுத்துக்கிடுதேன். வேர்வையோட உள்ள வரக் கூடாதுல்லா. காய் பறிக்க ஆளும் வருது" என்றார்.

"சன்னல்கிட்ட வாங்கப்பா" என்று உள்ளே இருந்து லிங்கேஸ்வரன் கூப்பிட்டான்.

அவர் வந்து தெருவில் நின்றபடி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மகன் சிரித்தான்.

"என்னலே சிரிப்பு?"

"மூணாப்பு படிக்கையில எனக்கு அம்மை போட்டுச்சே, நாவகம் இருக்கா? நீங்க லீவுல வந்தீங்க. யூனிபாரத்தோட, டிரங்குப் பெட்டியோட இதே எடத்துல நின்னீங்க. அம்மா உள்ள விடல."

"விடலயே. ரெண்டு ராத்திரி ரயில்ல வந்தவன். 'நாட்டக் காக்குற ஆளா இருந்தாலும் காலக் கழுவு'ன்னா. கழுவிட்டு வந்தா, 'இன்னும் சூடு ஆறல, போங்க'ன்னா. லீவு முடியுறவரைக்கும் தெருவுலதாம்லே படுத்துக் கெடந்தேன்."

"கம்பி வழியா எனக்கு ஆப்பிள் குடுத்தீங்க."

"காஷ்மீர் ஆப்பிள். ஒங்கம்மா அதையும் வாங்கி மஞ்சத்தண்ணியில முக்கித்தான் குடுத்தா."

அடுப்படியில் செல்லத்தாய் சிரித்தது தெருவுக்குக் கேட்டது. அந்த வீட்டில் அவள் குரல் அப்படிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கல்பனா அன்றைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். ஒன்பது வயதில் கான்சாபுரத்தில் அவளுக்கு அம்மை போட்டது. நாலு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவளை யார் தனியாகக் கவனித்தார்கள்? அந்தப் பத்து நாள்தான் அவள் ராணி. வாய்க்காலில் மீன் பிடிக்கப் போகாமல் அண்ணன்கள் முறை வைத்து வீசினார்கள். அய்யா நடவு வேலையை விட்டுவிட்டு நுங்கு வெட்டிக்கொண்டு வந்தார். அம்மா ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள், சொறிந்துவிடக் கூடாது என்று.

"மூணாந் தண்ணி ஊத்தி முடிஞ்ச அன்னைக்கு அம்மா ரசம் தாளிச்சா. அந்தக் கடுகு வெடிச்ச சத்தத்தக் கேட்டதும் நான் அழுதுட்டேன். எல்லாம் முடிஞ்சிருச்சே, இனிமே நம்மள யாரும் கண்டுக்கிட மாட்டாவளேன்னு."

"கிறுக்கி" என்றான் லிங்கேஸ்வரன். அவன் தலை அம்மாவின் மடியில் இருந்தது. மீசை வைத்த பிள்ளை, முப்பது வயசு, எத்தனையோ ஊசி குத்திக் கருத்துப்போன கையை அம்மாவின் முழங்காலில் போட்டுக்கொண்டு கிடந்தான். செல்லத்தாய் தடிப்புகளின்மேல் மயிலிறகால் தடவுவதுபோல வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நீயும் செத்தப் படு. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மருமகளிடம். கல்பனா சுவரில் சாய்ந்ததுதான் தெரியும். விடிந்த பிறகுதான் விழித்தாள்.

மறுநாள் அவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது.

"சூடு எறங்குது" என்றாள் செல்லத்தாய். மோர் கொடுத்தாள். இளநீர் கொடுத்தாள். தெருவுக்கு வந்த பெத்தம்மாள் வாசலுக்கு வெளியே நின்று, "எறங்கட்டும், எறங்கட்டும். ஆத்தா வந்தா சும்மாவா வருவா? உள்ள இருக்குற கசடையெல்லாம் கழுவிட்டுத்தான் போவா. அந்தப் பழைய சீக்கையும் சேத்துக் கொண்டுபோயிருவா, நீ வேணும்னா பாரு செல்லத்தாயி" என்றாள். அந்த வார்த்தை எல்லோருக்கும் இனித்தது. கல்பனாவும் அதை நம்ப ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நம்பினாள் என்று சொல்ல முடியாது. அரிசிப் பானை இருந்த பக்கம் அவள் கண் அடிக்கடி போய் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. மலைப்பக்கம் ஒரு இலைகூட ஆடவில்லை. கொல்லைக்குப் போக லிங்கேஸ்வரன் கல்பனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காலையில் இருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டிருந்தாள். திரும்பி வரும்போது அவன் எடை முழுக்க அவள்மேல் இருந்தது. "தண்ணியா இல்ல, கல்பனா. ரத்தமாப் போகுது" என்று காதோடு சொன்னான். "அம்மாட்டச் சொல்லாத."

சொல்லாமல் எப்படி இருப்பாள்? அவனைப் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். செல்லத்தாய் அங்கே இல்லை. திரும்பி வந்தால், அவள் சத்தமில்லாமல் மகனுக்குப் பக்கத்தில் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நெஞ்சில் இருந்த தடிப்பு ஒன்றை ஆட்காட்டி விரலால் அழுத்தினாள். விட்டாள். இன்னொன்றை அழுத்தினாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை; சில்லென்று இருந்தது.

"ஏட்டி" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "போன் எங்க இருக்கு?"

"அத்தை..."

"இது ஆத்தா இல்லட்டி. விளையாட்டம்மைன்னா இந்நேரத்துக்கு நீர் கோத்து நிக்கணும். மணல்வாரி அம்மைன்னா காச்சல் முந்திக்கிட்டு வரும். இது ரெண்டும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

கல்பனா போட்டாள். அவசரத்தில் ரெண்டு தடவை தப்பான இடத்தில் அமுக்கினாள். எடுத்த நர்ஸ் மூன்றே கேள்வி கேட்டாள். "உடனே கிளம்புங்க. வயித்துப்போக்கை நிறுத்தற மாத்திரை எதுவும் நீங்களாக் குடுக்காதீங்க. வழியில உப்பு சர்க்கரைத் தண்ணி குடுங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றாள்.

தெருக்கோடியில் பொன்னுராஜ் இருந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மாங்காய் ஏற்றுகிற வேன் வைத்திருந்தார். கல்பனா ஓடிப்போய் நின்றதும் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து சாவியை எடுத்தார். வேனில் இருந்த கூடைகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டார்.

வேன் வாசலில் வந்து நின்றபோதுதான் தெரு கூடியது. அம்மை கண்டவனைத் தண்ணீர் ஊற்றாமல் வாசல்படி தாண்ட விடுவார்களா? வெளியே வர, நிலையில் தொங்கும் வேப்பிலைக்குக் கீழேதான் போகவேண்டும். பொன்னுராஜ்கூட ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். செல்லத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு எட்டி, அந்த வேப்பிலைக் கொத்தைத் தன் கையாலேயே உருவி எடுத்தாள்.

"ஏ செல்லத்தாயி! என்ன காரியம் பண்ணுத?" என்று பெத்தம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "ஒரு தண்ணிகூட ஊத்தலயேடி!"

"வந்தது ஆத்தா இல்ல மதினி. ஆத்தான்னா எம் பிள்ளையக் கொடலறுக்க மாட்டா." மகனுடைய தலைப்பக்கத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.

சேதி கேட்டுத் தோப்பில் இருந்து சைக்கிளில் மூச்சு வாங்க வந்த இருளப்பசாமி வேனில் ஏறிக்கொண்டார். அவர் சட்டையில் மாம்பால் பிசுபிசுத்தது. யாரும் அவரைக் கால் கழுவச் சொல்லவில்லை. திருவில்லிபுத்தூரைத் தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட மறந்துபோனார்கள். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று வேன் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் மாங்காய் வாசனைக்கு நடுவில் லிங்கேஸ்வரன் கண்ணை மூடிக் கிடந்தான். ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் அவன் முகத்தைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "ஏமி காதும்மா, ஒண்ணும் ஆகாது. சாயங்காலத்துக்குள்ள போயிருவோம்" என்று பொன்னுராஜ் முன்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னபடியே வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்கள்.

டாக்டரம்மா பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். "எழுந்த காவல் குடலைப் போட்டு அடிச்சிட்டிருக்கு. முதல்ல அதை அமர்த்தணும். ரெண்டு மூணு நாள் போகணும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். யாரையும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கல்பனாவுக்கு இருந்தது.

வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருளப்பசாமி டீ வாங்கப் போயிருந்தார். செல்லத்தாயின் நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"நாந்தான் அத்தை தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் கல்பனா. "அன்னைக்கே போன் போட்டிருக்கணும். கையில எடுத்துட்டு வச்சேனே."

"நீ என்னட்டி பண்ணின?" செல்லத்தாய் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கு ரெண்டாம் நாள் காலம்பறவே தெரியும்."

கல்பனா திரும்பிப் பார்த்தாள்.

"எம்புட்டு அம்மை பாத்த கை இது? விரல வச்சதும் தெரிஞ்சிருச்சு, உள்ள நீர் இல்லன்னு. சொல்ல வாயெடுத்தேன். அப்பம்னு பாத்து அவன், 'யம்மா, இன்னொரு கும்பா கூழு குடு'ன்னான். ஆறு வருசமா என்ட்ட அவன் ஒண்ணும் கேக்கல கல்பனா. இங்க வந்தா நான் சொவரோட சொவரா நிக்கேன். அங்க, எம் மடியில தல வச்சிருந்தான். நாளைக்குச் சொல்லுவோம், இன்னைக்கு ஒருநா இருக்கட்டும்னு நெனச்சேன். பெத்தவ நெனக்கிற நெனப்பா இது?"

கல்பனாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. அந்த ரெண்டாம் நாள் காலையில்தான் அவள் சுவரில் சாய்ந்த இடத்திலேயே, ஆறு வருஷத்தில் தூங்காத தூக்கத்தைத் தூங்கி எழுந்திருந்தாள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். டீயோடு வந்த இருளப்பசாமி, என்னவோ ஏதோ என்று பதறி, டம்ளரைக் கீழே போட்டார்.

வயிறு கட்டுக்குள் வந்தது. தடிப்பு மங்கியது. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஸ்கேன் எடுத்திருந்தார்கள். "நுரையீரல்ல ஒண்ணு நல்லாச் சுருங்கியிருக்கு. இன்னொண்ணு அப்படியே இருக்கு, வளரல. இடுப்புல அமைதியா இருக்கு. மூணையும் சேர்த்துக் குடுத்தது கேட்டிருக்கு."

"அப்ப அடுத்த டிரிப்ஸ் எப்ப மேடம்?" என்றான் லிங்கேஸ்வரன்.

"டிரிப்ஸ் இப்போதைக்கு இல்ல தம்பி. குடல் இவ்வளவு அடி வாங்கின பிறகு திரும்பப் போட்டா ஆபத்து. மாத்திரையை அளவு குறைச்சு ஆரம்பிப்போம். எழுந்த காவல் மருந்தை நிறுத்தினாலும் சில பேருக்குத் தூங்காம வேலை பார்க்கும். சில பேருக்குத் திரும்பத் தூங்கிடும். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன் சொல்லும்."

செல்லத்தாய் அன்றைக்குச் சுவரோரம் நிற்கவில்லை. மேசைக்கு நேராக வந்து நின்றாள். "நாங்க மொத நாளே வந்திருந்தா அந்த டிரிப்ச நிறுத்தியிருக்க வேண்டாமா தாயி? ஒளிக்காமச் சொல்லுங்க."

டாக்டரம்மா திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஒருவேளை நிறுத்தாமச் சமாளிச்சிருக்கலாம்மா. ஒருவேளை அப்பவும் இப்படித்தான் ஆகியிருக்கும். எனக்கே தெரியாது. நீங்க அன்னைக்குக் கிளம்பாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியும்."

"சரி" என்றாள் செல்லத்தாய். பிறகு தன் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுலயும் அந்த நம்பரப் போட்டுக் குடுங்க. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எந்தப் பொத்தான அமுக்கணும்னு மட்டும் காட்டுங்க."

அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது பஞ்சவர்ணம் பழுக்க ஆரம்பித்திருந்தது. பறிப்பை மேற்பார்வை பார்க்க ஆளில்லாமல் காற்றில் பாதி உதிர்ந்துவிட்டது என்று இருளப்பசாமி சொன்னார். சொன்னவர் அதைப் பற்றி அதற்குமேல் வருத்தப்படவில்லை.

வந்த மூன்றாம் நாள் காலையில் கொல்லையில் பெரிய அண்டா வெயிலில் இருந்தது. உள்ளே தண்ணீர், மஞ்சள், வேப்பிலை. செல்லத்தாய் ஸ்டூலை எடுத்துப் போட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது? அதான் ஆத்தா இல்லன்னு ஆயிப்போச்சே" என்றான் லிங்கேஸ்வரன்.

"இல்லதான். கல்பனா நேத்தே போன் போட்டுக் கேட்டுட்டா. தோலுல புண்ணு இல்லன்னா ஊத்தலாம்னு சொல்லிட்டாவ. நீ உக்காரு."

அவன் இடது காலை நீட்டி உட்கார்ந்தான். உடம்பு குச்சியாக இருந்தது. முதுகில் தடிப்பு இருந்த இடமெல்லாம் தவிட்டு நிறத்தில் தேமல்போல இருந்தது. கல்பனா சொம்பை எடுத்தாள். செல்லத்தாய் அதை வாங்கிக்கொண்டாள்.

"ஆத்தா இல்லன்னா யாருக்கும்மா ஊத்துத?"

"ஒனக்குள்ள ஒருத்தன எழுப்பி விட்டிருக்காவள்லா? அவனுக்குத்தான். ஆளு யாருன்னு தெரியாமத்தான அடிச்சான்? பழக்கிவிட வேண்டாமா?"

சொம்பு நிறைய மொண்டு மகன் தலையில் ஊற்றினாள். "அய்யா, யாரோ எவரோ, கேட்டுக்கோ. இவன் எம் பிள்ளை. நான் பெத்தவ. இவன் கொடலு, ஈரலு, தோலு எல்லாம் எங்க வீட்டு ஆளு. தொடாத."

ரெண்டாம் தண்ணீரை ஊற்றினாள். "இந்தா நிக்கா பாரு, இவ இவன் பொண்டாட்டி. கான்சாபுரத்துப் பிள்ளை. ஆறு வருசமா ஒழுங்காத் தூங்கல. தெருவுல நிக்காரே, அவரு இவன் அப்பா. ஒன்னய மாதிரிக் காவக்காரருதான், எல்லையில நின்னவரு. அவரு முகத்துக்காகவாவது தூங்காம இரு. நெஞ்சுல ஒண்ணு இன்னும் மிச்சம் இருக்கு. அது எங்க ஆளு இல்ல. அதப் பாத்துக்கோ."

லிங்கேஸ்வரன் சிரிக்கத்தான் நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்துவிட்டான். செல்லத்தாய் மூன்றாம் சொம்பை மொண்டாள். சொம்பு அவன் தலைக்குமேல் அப்படியே நின்றது. கல்பனா பக்கத்தில் வந்து, அந்தக் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்தாள். ரெண்டு பேருமாக ஊற்றினார்கள்.

பிறகு கல்பனா அடுப்படிக்குப் போய் ரசத்துக்கு எண்ணெய் வைத்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும், தண்ணீர் ஊற்றி முடியட்டும் என்று தெருவில் நின்றிருந்த இருளப்பசாமி, யாரும் சொல்லாமலே காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.